லேஸ் கட்டிவிட்டவர்

எழுபதுகளில் ஜெர்மனியின் ஆஹென் நகரில் படித்தபோது, எங்கள் மாணவர் கால்பந்து அணிக்கு ஒரு ஜெர்மானியப் பயிற்சியாளர் இருந்தார். ஒல்லியான உடம்பு, மழையிலும் கழற்றாத சாம்பல் நிறத் தொப்பி.

கால்பந்தில் நினைத்தபோது ஆட்டத்தை நிறுத்த முடியாது. பயிற்சியாளருக்குக் கிடைப்பது இடைவேளை ஒன்றுதான். மற்றவர்கள் அதில் கத்தித் தீர்ப்பார்கள். இவரோ எங்கள் முன் மண்டியிட்டு, பூட்ஸ் லேஸை இறுக்கிக் கட்டியபடி, ஆளுக்கு ஒரு வாக்கியம் மெதுவாகச் சொல்வார்.

தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம் என்றிருந்த ஓர் ஆட்டத்தில், என் அறைத்தோழன் சண்முகம் சுலபமாகத் தடுக்கக்கூடிய இரண்டு பந்துகளைக் கோலுக்குள் விட்டுவிட்டான். அவன்தான் கோல்கீப்பர். இடைவேளையில் அவன் தலை நிமிரவே இல்லை.

"அவங்க வலது பக்கத்து ஆளுக்கு மூச்சு வாங்குது. அந்தப் பக்கமே ஓடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் அவனிடம் போய்க் குனிந்தார்.

அதன்பின் ஒரு பந்துகூட அவனைத் தாண்டவில்லை. மூன்று கோல் போட்டு ஜெயித்தோம்.

"உன்கிட்ட என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்லலடா. லேஸ் மட்டும் கட்டிவிட்டாரு."

அணி முழுவதற்கும் கிடைத்த அந்தப் பத்து நிமிடத்தில் பாதியை, அந்த மனிதர் பேசாமல் அவன் காலடியில் செலவழித்திருந்தார்.