விட்டாச்சா?

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சின்னக் கலகம். மூட்டியவன் நான். கத்தி எடுக்கவில்லை, கட்சி பேசவில்லை... ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

கலகத்துக்கு வருமுன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ‘உடல்நலக் குறைவு’ என்று ஆசிரியர் நாகரிகமாக ஒரு வரி போட்டிருந்தார். அத்தோடு நீங்கள் சும்மா இருந்தீர்களா? டைபாய்டா, மஞ்சள்காமாலையா என்று கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். கரூர் வாசகர் ஒருவர் கீழாநெல்லியைக் காயவைத்துப் பார்சலே அனுப்பிவிட்டார். அந்த நல்ல மனிதருக்காகவாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அபின்.

முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் எனக்குச் சிறுநீரகத்தில் ஒரு கல். அந்த வலியை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; அனுபவிக்காதவர்களுக்கு விளக்க முடியாது. “கடுகத்தன உள்ள போடு, பறந்துரும்” என்றார் ஒரு நண்பர். பறந்தது. வலி மட்டுமா பறந்தது? நானும் கூடவே பறந்தேன். கடுகு மிளகாயிற்று. மிளகு பட்டாணியாயிற்று. கல் என்றைக்கோ கழிந்து போய்விட்டது. மருந்து மட்டும் குடித்தனம் வந்துவிட்டது. சர்க்கார் அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கடையில் அபின் கொடுத்துவந்த காலமும் முடிந்தது. சட்டம் கதவைச் சாத்தியதும், வடமதுரைச் சந்தையில் மாட்டு வைத்தியம் பார்க்கும் ஓர் ஆளைப் பிடித்தேன். கழிச்சல் கண்ட மாட்டுக்குக் கொடுக்கும் அபின் உருண்டையில் எனக்கும் ஒரு பங்கு. இந்தப் பத்தியில் நீங்கள் ரசித்ததாகச் சொன்ன சிலவற்றை எழுதியது நானா, அந்த உருண்டையா என்று எனக்கே சந்தேகம் உண்டு.

கடைசியில் மனைவி ஒரு நாள் என் பெட்டியில் நாலு வேட்டியை மடித்து வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஜட்கா கூப்பிட்டுவிட்டாள். அங்கே மூன்று வாரம். அதை எழுத மாட்டேன். உங்களில் பலர் இதைக் காலைப் பலகாரத்தோடு படிக்கிறவர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “உடம்பு திரும்பிருச்சு. மனசு இன்னும் வரல. அது நடந்துதான் வரும், அதுக்குப் பஸ்ஸு கிடையாது.”

அவர் சொன்னதன் அர்த்தம் வீட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. வெயில் வரும், போகும். பூக்காரி போவாள், வெள்ளரிக்காய்காரி போவாள். பஞ்சாலைச் சங்கு ஊதும். எல்லாம் யாரோ ஒருவருக்கு நடப்பது போல இருக்கும். துக்கமா என்று கேட்டால் துக்கமும் இல்லை — துக்கத்துக்காவது ஒரு முகம் உண்டு, ஒரு பெயர் உண்டு. இது அப்படியில்லை. மழையில் ஊறிய போர்வையை யாரோ என் மேல் போர்த்திவிட்டு, எடுக்க மறந்து ஊருக்குப் போய்விட்டது போல. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குக்கூட ஒரு நியாயம் தேவைப்பட்டது.

அந்தப் போர்வைக்குள் அசைகிற ஒரே ஒரு ஜீவன் — ஆசை. காலை ஒன்பது மணியானால் வந்துவிடும். முதலில் ஒரு கொட்டாவி. பிறகு முழங்காலுக்குப் பின்னால் ஓர் எறும்பு. பிறகு காதோரம் ஒரு குரல். அடடா, எவ்வளவு மரியாதை அந்தக் குரலுக்கு. “ஒரே ஒரு கடுகு போதுமே... வாசகர்கள் காத்திருக்கிறார்கள் இல்லையா? நாளைக்கே எழுத ஆரம்பித்துவிடலாமே...” என் எழுத்தின் மேல் இவ்வளவு அக்கறை என் ஆசிரியருக்குக்கூடக் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை, மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளின் தலை எழும்பிற்று. 

“அண்ணே, விட்டாச்சா?”

தூக்கிவாரிப் போட்டது. தெருவில் எல்லோரிடமும் ‘வயித்து வலி’ என்றுதான் மனைவி சொல்லி வைத்திருந்தாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது? சரி, தெரிந்துவிட்டது. மறைத்து என்ன?

“விட்டாச்சு” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அந்தோணியம்மாள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. “மாதாவே” என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஒருவன் அபினை விட்டதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு ஆனந்தமா? மனிதர்களைப் பற்றி எட்டு வருஷமாகத் தப்பாக எழுதிவந்திருக்கிறேன் என்று தோன்றிற்று.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் சொன்னேன். ஆனால் இந்த முறை ஓட்டத்தில் கொஞ்சம் வேகம் குறைவு.

மூன்றாம் நாள் குரலே மாறிவிட்டது. “இன்னைக்காச்சும் விட்டாச்சாண்ணே? இல்ல, நேத்து மாதிரியா?”

நேற்று மாதிரியா? என்ன பேச்சு இது? “நான் பொய் சொல்ற ஆளு இல்லம்மா. விட்டாச்சுன்னா விட்டாச்சு” என்றேன் விறைப்பாக. அவள் போனாள். செத்த நேரத்தில் எதிர் வீட்டு டெய்லரின் குரல் ஜன்னல் வழியே வந்தது: “அவரு பேச்ச நம்பாத அந்தோணியம்மா. விட்டாச்சு விட்டாச்சும்பாரு, போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது.” சிரிப்புச் சத்தம்.

ஒரு மனிதன் தன் எலும்பிலிருந்து ஒன்றைப் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். தெரு சிரிக்கிறது. எப்படி இருக்கும் எனக்கு?

எப்படி இருந்தது தெரியுமா — வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — நன்றாக இருந்தது. அத்தனை நாளும் அந்தக் குரலுக்குக் கிடைக்காத காரணம் இப்போது கிடைத்துவிட்டது. “யாருமே நம்பவில்லையே... பிறகு யாருக்காக விடுகிறாய்?” ஆசைக்கு நம் அவமானத்தைப் போலப் பிரியமான தீனி வேறு எதுவும் இல்லை.

நாலாம் நாள் வடமதுரைச் சந்தை. ஒன்பதரை மணிக்குப் பஸ். ஏழு வாரத்தில் முதல் முறையாகச் சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டேன்.

“எங்க கெளம்பிட்டீக?” என்றாள் மனைவி.

“தபாலாபீசு.”

“தபாலாபீசுக்கு மஞ்சப் பை எதுக்கு?”

“ஸ்டாம்பு வாங்கணும்.”

“அம்புட்டு ஸ்டாம்பா?”

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வழி மறிக்கவில்லை, அழவில்லை. “போற மனுசனாவே திரும்பி வாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

வாசலைத் தாண்டினால் — அந்தோணியம்மாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

“அண்ணே, விட்டா...”

“விடல” என்றேன். “விடல. இனிமே விடப்போறதும் இல்ல. போதுமா?”

அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. “அய்யய்யோ... இனிமே விடவே மாட்டாகளா? நெசமாவா சொல்றீக?”

“நானே சொல்றேன். அப்புறம் என்ன நெசமாவா?”

விடுவிடுவென்று நடந்தேன். எனக்குப் பின்னால் அந்தோணியம்மாள் ஓடுவது கேட்டது. அந்தப் பெண்ணின் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. “ஏ புள்ளைகளா, இனிமே விடவே மாட்டாகளாம். பத்திரிகையில எழுதுறவரே சொல்லிட்டாரு.”

தெருமுனையில் ஒரு பைப் இருக்கிறது. என் ஜன்னலுக்கு நேர் எதிரே. ஒரு மாதமாக அதைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அங்கே முப்பது குடங்கள் வரிசையாக நின்றன. குடங்களுக்குப் பின்னால் முப்பது பெண்கள். அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏன் விட மாட்டாகளாம்?”

“ஆத்தூர் அணையில தண்ணி வத்திருச்சா?”

“பேப்பர்ல போட்டிருக்காகளா?”

தண்ணீர் விவகாரம் எங்கள் வீட்டில் எப்போதும் மனைவியின் இலாகா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஆத்தூருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

“பின்ன என்னத்த விட மாட்டாகன்னு சொன்னீக?” அந்தோணியம்மாள் இரண்டு குடத்தையும் கீழே வைத்தாள். “எம் மக புள்ளையப் பெத்து ஏழு நாளாச்சு. வீட்டுல துணி அலசத் தண்ணி இல்ல. பைப்பு உங்க ஜன்னலுக்கு நேரா இருக்கு, நாள் முழுக்க அங்கனயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீகன்னுதான உங்களக் கேட்டேன். மூணு நாளா விட்டாச்சு விட்டாச்சுன்னு சொல்லி என்னைய ஓடவிட்டீக. இன்னைக்கு விடவே மாட்டாகங்கிறீக. நீங்க என்னதாண்ணே சொல்றீக?”

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை.

“நான் தண்ணியச் சொல்லல” என்றேன்.

“பின்ன?”

“அபினச் சொன்னேன். எட்டு வருசமா தின்னுக்கிட்டிருந்தேன். அத விட்டாச்சான்னு நீ கேக்குறதா நெனச்சேன்.”

எட்டு வருஷ ரகசியம் முப்பது குடங்களுக்கு நடுவே வெயிலில் கிடந்தது. அந்தோணியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இப்ப எங்க போறீக?”

“வடமதுரைக்கு.”

“எதுக்கு?”

மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்...

அந்த நேரம் பார்த்துப் பைப் இருமிற்று. புஸ்ஸென்று கொஞ்சம் காற்று. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பல். பிறகு — தண்ணீர்.

நம்புவீர்களா? ஒரே நொடி. என் ரகசியம், என் எட்டு வருஷம், என் கேவலம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு முப்பது பேரும் பைப்புக்குப் பாய்ந்துவிட்டார்கள். டெய்லர் மட்டும், “அபினா? எங்க மாமனாரு கூட...” என்று ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி “அண்டாவத் தூக்கிட்டு வாங்க” என்று கத்தவும் அவரும் போய்விட்டார்.

ஒன்றை விடுகிறவன் ஊரே தன்னைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறான். ஊர் பைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தோணியம்மாள் என் கையில் ஒரு குடத்தைத் திணித்தாள். “என் எடத்துல நில்லுங்க. நான் போயி இன்னும் ரெண்டு பானை எடுத்துட்டு வாரேன். எடத்த விட்டுறாதீக, அப்பறம் இந்தப் பொம்பளைக உள்ள விடமாட்டாளுக.”

“அந்தோணியம்மா, பஸ்ஸுக்கு...”

“புள்ளைக்குத் துணி இல்லண்ணே” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

நின்றேன். முழங்காலுக்குப் பின்னால் ஓர் எறும்புப் புற்றே ஊர்ந்தது. சட்டைக்குள் வேர்வை, மேலெல்லாம் புல்லரிப்பு. எனக்கு முன்னால் ஆறு குடம். மெயின் ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. அது வடமதுரை பஸ்தான், சந்தைக்குப் போய்வந்த பழக்கத்தில் அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. குடத்தை வைத்துவிட்டு ஓடினால் பிடித்துவிடலாம். குடத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் நெளிந்த குடம். பின்னால் நின்ற பெண் அதைக் காலால் தள்ளிவிட்டு முன்னேறத் தயாராக இருப்பதையும் பார்த்தேன்.

“ஏம்மா, வரிசைல வா” என்றேன் அவளிடம். எனக்கே வியப்பாக இருந்தது — ஏழு வாரத்தில் நான் கோபப்பட்ட முதல் உருப்படியான கோபம் அது.

பஸ் போய்விட்டது. பதினொன்றுக்கு இன்னொன்று உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பதினொரு மணிக்கு நான் ஒன்பதாவது குடத்தை அந்தோணியம்மாள் வீட்டு முற்றத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே தொட்டிலில் ஒன்று வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்த சந்தோஷம் அதற்கு எப்படித் தெரியும்?

குணமாகிவிட்டேன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வடமதுரைச் சந்தை வாராவாரம் கூடுகிறது. போர்வையும் இருக்கிறது, ஓர் ஓரம் மட்டும் விலகியிருக்கிறது. எழுதும் இந்த நிமிஷம்கூடக் காதோரம் அந்த மரியாதையான குரல்தான், ‘இந்த வாக்கியம் சரியில்லையே, ஒரே ஒரு கடுகு...’ என்கிறது. சரியில்லாத வாக்கியம் சரியில்லாமலே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தேன். நனைந்த வேட்டியையும் வெறும் மஞ்சள் பையையும் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். இலையைப் போட்டாள். சோறு, குழம்பு, புடலங்காய் வெஞ்சனம். இரண்டு வாய் சாப்பிட்டேன்.

“வெஞ்சனத்துல உப்பு இல்ல” என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“பத்து நாளா உப்புப் போடாமத்தான் வைக்கிறேன். என்னைக்குக் கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அந்தப் பத்து நாளும் அவளும் அதே வெஞ்சனத்தைத்தான் சாப்பிட்டாள் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.