சிவப்பில் வெட்டிய பெயர்

மியாவ் லின்னைப் பற்றி அவள் புகுந்த வீட்டார் வாய் திறக்கலாமா? நினைத்தாலே வயிறு எரிகிறது. கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷன் போய்விட்டான். அதன் பிறகு சந்தையில் டோஃபு விற்று, படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாருக்கு ஒன்பது வருடம் மலமூத்திரம் அள்ளியவள் அவள்தான். மாமியாரின் மூத்த மகன் கோஷெங் வருடப் பிறப்புக்கு ஒரு பெட்டி ஆரஞ்சோடு வருவார். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவார்.

போன குளிர்காலத்தில் மாமியார் கண்ணை மூடினாள். சைக்கிள் கடை ஃபெங்கைக் கட்டிக்கொள்ளப் போவதாக மியாவ் லின் வெளிப்படையாகவே சொன்னாள். வயது முப்பத்தெட்டு, அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா? கோஷெங் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளன்று கல்லறையைச் சுத்தம் செய்யக் குடும்பமே மலையேறியது. மியாவ் லின் புருஷனின் கல்லறையில் பழைய கல் இருந்த இடத்தில் புதுக் கல். புருஷன் பெயர் கறுப்பில், பக்கத்தில் மியாவ் லின் பெயர் சிவப்பில். உயிரோடிருப்பவளுக்குச் சிவப்பு, செத்தபின் கறுப்புப் பூசுவார்கள். அவள் பெயருக்கு மேலே பெரிதாக நான்கு சீன எழுத்து, மறுமணம் செய்யாத விதவைக்குச் சூட்டும் புகழுரை: பனிக்கட்டியின் தெளிவு, பச்சை மணிக்கல்லின் தூய்மை.

"நம்ம வம்சத்துலயே எந்தப் பொம்பளைக்கும் இந்த மரியாதை கிடைச்சதில்ல" என்றார் கோஷெங்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, அண்ணே?"

"மரியாதை பண்றதுக்குமா கேக்கணும்? ஊரே பாத்தாச்சு. இனி அந்த சைக்கிள்காரன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைக் கட்டுவான்?"

மியாவ் லின் கல்லைக் காட்டினாள். "உங்கம்மா நாத்தம் தாங்காம ஓடினவரு நீங்க. இப்ப என் தூய்மைக்கு நீங்க சாட்சியா? அவ்வளவு பெருமைன்னா, இந்தா நிக்கிறாங்களே அக்கா, அவங்க பேரை வெட்டுங்க!"

கோஷெங்கின் மனைவி பதறிப்போனாள். "ஐயய்யோ, என் பேரு எதுக்கு? நான் வாழ வேண்டியவ!"

"அப்ப நான்?"

வண்ணம் பூச வந்திருந்த கல்தச்சரிடம் மியாவ் லின் உளியும் சுத்தியலும் கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். புருஷன் பெயரில் ஒரு கீறல் விழாமல், தன் பெயரை மட்டும் கொத்தி எடுத்தாள். கோஷெங் தொண்டை கிழியக் கத்தினார். கிட்டே போகத் துணிவில்லை.

மேலே இருந்த நான்கு எழுத்தை அவள் தொடவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே தன் பெயரை வெட்டச் சொல்லி அந்த வீட்டில் ஒருத்தியும் இதுவரை கேட்கவில்லை.