குளிர் அறைக் கதவில் ஒரு வேட்பாளர்

மொன்றியலுக்கு வந்தபின் நான் திருடியது ஒரே ஒரு பொருள்தான். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் திருடினேன் என்றால் வெண்ணெயோ வைன் போத்தலோ என்று நினைப்பீர்கள். அந்தச் சாமர்த்தியம் எனக்கு இல்லை. நான் திருடியது ஒரு துண்டுப்பிரசுரம். குட்டைத் தலைமயிரும் அகலமான சிரிப்புமாக ஒரு ஸ்லோவாக்கியப் பெண்மணி. பெயருக்கு முன்னால் ஓர் எண். வாக்காளர்கள் எப்படி அடையாளமிட வேண்டும் என்று காட்டுவதற்காக அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். ஒரு சொல்லும் விளங்காத அந்தத் தாளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, காய்ச்சல்காரனைப்போல வியர்த்தபடி சமையற்கூடம் இருந்த டோர்வலிலிருந்து என் வீடிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன்வரை பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வந்துசேர்ந்தேன். நாற்பதை நெருங்கிய மனிதன் செய்கிற வேலை அல்ல.

அந்தப் பெண்மணி எங்கள் தலைமைச் சமையற்காரரின் தங்கை. அவரை எல்லோரும் செஃப் என்றே அழைத்தோம். தன் நாட்டுக்குள் அந்நிய டாங்கிகள் நுழைந்த காலத்தில் இளைஞனாகப் புறப்பட்டு வந்தவர். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து நொண்டும். மிச்சத்தைக் கைகளாலும் கரண்டிகளாலும் பேசிக்கொண்டோம். இத்தனை வருடம் கழித்து நினைக்கையில் அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்ததாகவே காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் அவருடைய நாட்டில் பிராந்திய சபைகளுக்குத் தேர்தல் வந்தது. நம் கணக்கில் மாகாண சபை. தங்கை மிருக வைத்தியர். நாட்டின் தெற்கே, ஹங்கேரிய மொழி பேசுகிறவர்கள் நிறைந்த பகுதியில் இருந்தார். தலைநகரில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் ஸ்லோவாக்கியக் கட்சிகள், ஹங்கேரியர்களின் கட்சி சபையைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே மட்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றன. செஃப் இதைக் கோழிப் பொதியையும் மீன் பொதியையும் ஒரே தட்டில் வைத்து எனக்கு விளக்கினார். தங்கை எந்தத் தட்டிலும் ஏறாமல் சுயேச்சையாக நின்றார். ஊர் ஆஸ்பத்திரியை மூடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கோரிக்கை. "மாட்டுக்கு வருத்தமெண்டால் என்ர தங்கச்சி போவாள். மனிசருக்கு வருத்தமெண்டால் ஆர் போறது?" என்றார் செஃப்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, தேவைக்கு அதிகமாகவே. பெரும்பான்மை, சிறுபான்மை, நடுவில் ஒரு நல்ல மனுஷி. நடுவில் நிற்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதில் எனக்கு அச்சுத்தொழில் அனுபவம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். உள்ளூராட்சித் தேர்தல் ஒன்றில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பிரதேச சபைக்கு நின்றார். சந்தைக்குக் கூரை போட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அவருடைய படத்தை உலோக அச்சாக ஒரு புளொக் செய்து நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோம். ஒரு காலை அவர் பேப்பர் வாங்கச் சைக்கிளில் போனபோது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். மத்தியானம் அவருடைய மகன் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தான். வேறு படம் இல்லை என்றான். அதே புளொக்கை மண்ணெண்ணெயில் கழுவி வைத்தோம். தேர்தல் சின்னம் இருந்த இடத்தில் குத்துவிளக்கைப் போட்டோம். பின்னேரம் ஒட்டப் போனபோது பழைய நோட்டீசுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. இரண்டிலும் அவர் ஒரே மாதிரிச் சிரித்தார். இரண்டுக்கும் நான்தான் புரூஃப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

தங்கை தபாலில் அனுப்பிய பிரசுரத்தைச் செஃப் குளிர் அறைக் கதவில் பெருமையோடு ஒட்டினார். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவர் கவனித்துவிட்டார். என்ன பிரச்சினை என்று கேட்டார். தங்கச்சியின் ஊரில் மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றனவா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பலமாகச் சிரித்தார். தபாலதிபரின் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அது உம்மட ஊர். அங்க அப்பிடியில்லை" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் அவர் வேறொரு முகத்தோடு வேலைக்கு வந்தார். வீட்டு வாசலில் நின்ற தங்கையின் காரின் டயர்களை யாரோ கத்தியால் கிழித்திருந்தார்கள். ஊர்ப் பையன்களின் சேட்டை என்று பொலிஸ் சொல்லிவிட்டதாம். குளிர் அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், வாயிலிருந்து புகை பறக்க மெதுவாகக் கேட்டார்: "இப்பிடித்தானோ துவங்கும்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நிபுணனாகிவிட்டிருந்தேன். "ஓம் செஃப்" என்றேன். "பிறகுதான் மற்றது."

அன்று வேலை முடிந்து போகையில் கதவைப் பார்த்தேன். தபாலதிபர் சிரித்தது போலவே செஃப்பின் தங்கை சிரித்துக்கொண்டிருந்தார். எண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டம் வாக்காளருக்குப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை, குறிபார்க்கிறவனுக்குப் போட்டதாகத் தெரிந்தது. படம் கதவில் இல்லாவிட்டால் ஆள் தப்பலாம் என்று மூளையின் ஏதோ ஒரு மூலை முடிவுசெய்தது. கதவு டோர்வலிலும் ஆள் ஐரோப்பாவிலும் இருப்பதை அந்த மூலைக்கு யாரும் சொல்லவில்லை. உரித்தெடுத்தேன்.

மறுநாள் கதவில் செலோடேப்பின் நான்கு துண்டுகள் மட்டும் இருந்தன. செஃப் அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். பிறகு என் காதருகே குனிந்து, "இஞ்சயும் ஆள் வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

நான் உண்மையைச் சொல்லாமல் தட்டுகளை அடுக்கப் போனேன். அன்று முதல் அவர் சலாட் வெட்டுகிறவரைச் சந்தேகித்தார், லொறிக்காரரைச் சந்தேகித்தார், வழியில் போன சுகாதார அதிகாரியைக்கூடச் சந்தேகித்தார். சந்தேகிக்காத ஒரே ஆள் நான். ஒவ்வொரு சந்தேகத்தையும் என்னிடம்தான் கொண்டுவந்தார். தங்கையைத் தேர்தலிலிருந்து விலகச் சொல்லித் தொலைபேசியில் கெஞ்சினார். தங்கை முதலில் சிரித்தாராம், பிறகு ஏசினாராம், பிறகு தொலைபேசியை வைத்துவிட்டாராம்.

தேர்தல் ஒரு சனிக்கிழமை. அங்கே இரவு வாக்குச்சாவடி மூடும் நேரத்தில் இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. செஃப் அலுவலக அறையிலிருந்து தங்கையை அழைத்தார். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து கரட் வெட்டத் தொடங்கினார். கத்தி பலகையில் தாளம் தவறி விழுந்துகொண்டிருந்தது. நான் அடுக்கிய தட்டுகளில் சிலவற்றுக்கு இரண்டு முள்ளுக்கரண்டிகள் போயின, சிலவற்றுக்கு ஒன்றுமே போகவில்லை. மனத்துக்குள் தங்கைக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி அச்சுக் கோக்கத் தொடங்கியிருந்தேன்: பெயர், ஊர், மலர்வு, உதிர்வு. படம் என் வீட்டு மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சியில் தயாராக இருந்தது.

மாலையில் தொலைபேசி அடித்தது. அவசரத்தில் செஃப் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டார். முதலில் ஒரு மாடு கத்தியது. அப்புறம்தான் தங்கை. பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்ததாம். பின்னேரத்திலிருந்தே தொழுவத்தில் இழுத்துக்கொண்டிருந்தாராம். தேர்தலா? தோற்றாயிற்று. செஃப் என்னென்னவோ கேட்டார். பதிலை எனக்கு மொழிபெயர்த்தார்.

"வாக்குப் போடவே சனம் வரேல்லையாம். சுடுறதுக்கு ஆர் வரப்போறான் எண்டு கேக்கிறாள்."

அவர் சிரித்தார், ஏப்ரனால் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன், ஆனால் பயம் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. ஒருவரையும் தொடாமல், வீட்டில் சும்மா இருந்தே ஓர் ஊர் தன் நல்ல மனுஷியைக் கைவிட முடியும் என்பது எனக்குப் புதிது. அடுத்த வருடம் ஆஸ்பத்திரியை மூடினார்கள். டயரைக் கிழித்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை பிரசுரத்தைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீரே வச்சிரும்" என்று என் கையில் திருப்பி வைத்தார்.

இப்போதும் அது என் லாச்சியில்தான், முகம் கீழே பார்த்தபடி இருக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் நகரத் தேர்தல் வந்தால் விளக்குக்கம்பம்தோறும் முகங்கள் தொங்குகின்றன. நான் இந்நாட்டுப் பிரஜை, ஒழுங்காக வாக்குப் போடுகிறேன். ஆனாலும் காலையில் மெட்ரோவுக்கு நடக்கையில், நேற்றிருந்த முகங்கள் எல்லாம் இன்றும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கம்பமாகப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

செஃப் ஓய்வுபெற்ற நாளில், என் களவைத் தங்கையிடம் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். தங்கை என்ன சொன்னார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ஊரில ஒட்டினது எல்லாத்தையும் மழை கரைச்சுப் போட்டுதாம். மிஞ்சினது நீர் களவெடுத்தது மட்டும்தானாம். இவ்வளவு விசுவாசமான ஆளுக்கு வாக்கில்லாமப் போச்சே எண்டாள்."