அம்மாவின் பாரத்துக்கு நெல்

அம்மா மெலியத் தொடங்கியபோது ஊரில் முதலில் கோபப்பட்டவர் என் மாமி. அம்மா அம்மனை ஏமாற்றப் பார்க்கிறார் என்பது மாமியின் குற்றச்சாட்டு.

இது விளங்குவதற்கு நேர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் முரசுமோட்டையில் வயல் செய்கிறவர்கள். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த நாட்களில், தன் பாரத்துக்கு நெல் தருவதாக அம்மா எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்திருந்தார். கோயில் மண்டபத்து வளை மரத்தில் பெரிய தராசொன்றைக் கட்டுவார்கள். ஒரு தட்டில் நேர்ந்தவர் ஏறி உட்கார வேண்டும். மற்றத் தட்டில், இரண்டும் சமமாகும் வரை நெல் வைப்பார்கள். அந்த நெல் கோயிலுக்கு. எதற்காக நேர்ந்தீர்கள் என்று நான் கேட்டால், "உயிரோடை வந்து சேந்ததுக்கு" என்று மட்டும் அம்மா சொல்வார். எல்லாரும் உயிரோடு வந்ததற்கு என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

நேர்ந்த காலத்தில் அம்மா எப்படி இருந்தார் என்பதற்கு ஒரே சாட்சி, அகதி முகாமில் அவருக்கு எடுத்த அடையாள அட்டைப் படம். அதில் முகத்தைவிடக் கழுத்தெலும்புதான் தெளிவாகத் தெரியும். ஊருக்குத் திரும்பிய முதல் வருடம் வயலில் பற்றை வெட்டவே சரியாகிப் போனது. அடுத்த வருடம் வெள்ளம் கதிரைக் கொண்டுபோனது. அதற்கடுத்த வருடம் மழை இல்லை. நேர்த்தி தள்ளிக்கொண்டே போக, அம்மா பெருத்துக்கொண்டே போனார். "வயல் விளையுதோ இல்லையோ, எங்கடை நேத்தி நல்லா விளையுது" என்று அப்பா பகிடி விடுவார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

அம்மா தனக்கென்று அதிகம் சாப்பிட்டவர் அல்ல. ஆனால் எங்கள் சோற்றுக் கோப்பைகளில் மிஞ்சியதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். நான் பாதியில் எழும்பினால் என் கோப்பையை எடுப்பார், தம்பி எழும்பினால் அவனுடையதை. முதல் நாள் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் அதையும் முடிப்பார். சோற்றை எறிகிற கை அவருக்கு இல்லாமல் போய்விட்டது. இடையிடையே பால் விடாத பிளேன்ரீ, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பது. ஒரு நாளில் எத்தனை தரம் அந்தக் கை நிறைந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கவனித்ததில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவின் குதிக்காலில் ஒரு புண் வந்தது. வரம்பில் கிடந்த முள்ளுக் குத்தியது. மஞ்சள் வைத்தும் ஆறவில்லை. ஒரு மாதமாகியும் ஆறாததால் அப்பா சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் நானும் முன் பாரில் இருந்து போனேன். அந்தச் சைக்கிள் எங்கள் மூவரையும் சுமந்து முனகிய முனகல் இப்போதும் காதில் இருக்கிறது.

டொக்டர் இளம் பெண். புண்ணைப் பார்த்தார், இரத்தம் சோதிக்கச் சொன்னார், அம்மாவைத் தராசில் ஏற்றினார்.

"அம்மா, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கு. பிரஷரும் கூட. மருந்து தாறன். ஆனா மருந்து மட்டும் காணாது. நிறையைக் குறைக்கவேணும்."

அம்மா தயங்கினார். "ஒரு நேத்தி இருக்கு டொக்டர். அதை முடிச்சுப்போட்டுக் குறைக்கிறன்."

"எப்ப முடியும்?"

"வயல் விளைஞ்சா."

டொக்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மழைக்காலம் தொடங்க வேண்டிய வானம் வெள்ளையாகக் கிடந்தது. "அவ்வளவு காலம் இந்தக் கால் பொறுக்காது" என்றார்.

அதற்கு மேல் அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பூநகரியில் இருந்த பெரியம்மாவுக்கும் இப்படித்தான் காலில் ஒரு புண் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவர் ஒரு காலோடு வீட்டுக்கு வந்தார். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா அப்பாவிடம், "இண்டைக்கு இருந்த பாரம் நினைவிருக்கோ?" என்று கேட்டார். அப்பாவுக்கு எல்லாப் பாரமும் நெல்மூட்டையில்தான் விளங்கும். "ஒரு மூட்டையும், அதுக்கு மேலை ஒரு சின்னப் பையும்" என்றார்.

"அதை மறக்காதேங்கோ. நான் மெலிஞ்சாலும் அந்தப் பாரத்துக்குத்தான் குடுக்கிறது."

மாமிக்கு இது பிடிக்கவில்லை. மாமி அப்பாவின் அக்கா, அடுத்த வளவில் இருப்பவர், எங்கள் வீட்டு விடயங்களில் எங்களைவிட அக்கறையுள்ளவர்.

"இஞ்சை பார் மச்சாள், நேந்தது உன்ரை பாரத்துக்கு. நீ பாரத்தைக் குறைச்சுக்கொண்டு போய்த் தட்டிலை ஏறினா, அம்மாளாச்சி என்ன விசரியே?"

"அவ விசரி இல்லை மச்சாள். ஆனா அவவுக்கு ரெண்டு கால் இருக்கு. எனக்கும் வேணும்."

விடயம் ஊருக்குள் போய் இரண்டு கட்சியானது. நேர்ந்த அன்று இருந்த பாரத்துக்குக் கொடுத்தால் போதும் என்றது ஒரு கட்சி. தட்டில் ஏறுகிற அன்று என்ன பாரமோ அதுதான் கணக்கு, ஆனால் வேண்டுமென்று குறைக்கக் கூடாது என்றது மற்றக் கட்சி. கோயில் ஐயரிடம் போனார்கள். எங்கள் ஐயர் நல்ல பருத்த உடம்புக்காரர். தீபத்தட்டோடு மூன்று தரம் சுற்றி வந்தாலே மூச்சு வாங்குவார். "எந்தப் பாரமெண்டாலும் அம்மாள் ஏற்பா. குறை மட்டும் வராமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். இரண்டு கட்சியும் தாங்கள் வென்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயின.

அம்மா முதலில் செய்தது பிழையான வேலை. குறைப்பதென்றால் சாப்பிடாமல் விடுவது என்று நினைத்து, கந்தசஷ்டி விரதக்காரர் போலத் தண்ணீரும் இளநீருமாகக் கிடந்தார். நான்காம் நாள் வெங்காயத் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் நன்றாக ஏசினார். "சண்டைக்குள்ளை பட்டினி கிடந்தது காணாதே அம்மா? இனிப் பட்டினி வேண்டாம். மூன்று நேரமும் சாப்பிடுங்கோ. என்ன சாப்பிடுறது எண்டதைத்தான் மாத்தவேணும்." பஸ்ஸில் ஒருவர் விற்ற மெலிய வைக்கும் பவுடரை மாமி வாங்கிக்கொண்டு வந்தபோது, அதையும் டொக்டரிடம் காட்டாமல் தொட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். காட்டியபோது டொக்டர் அதைத் தன் மேசைக்குக் கீழே இருந்த வாளிக்குள் போட்டார். மாமிக்கு டொக்டரோடும் கோபம்.

பிறகு அம்மா தொடங்கியதைத்தான் நான் இன்றுவரை வியக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண். கலோரி என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. கோப்பையை விரலால் மூன்றாகப் பிரித்தார். பாதி முழுக்கக் கீரையும் மரக்கறியும். வேலியில் நின்ற முருங்கை, வாய்க்கால் கரைப் பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல். மிச்சப் பாதியில் ஒரு பங்கு மீன் அல்லது பருப்பு, ஒரு பங்கு குத்தரிசிச் சோறு. பிளேன்ரீயை விடவில்லை; சீனியைத்தான் விட்டார். முதல் கிழமைகளில் வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். எங்கள் கோப்பையில் மிஞ்சும் சோறு மட்டும் பெரிய சோதனையாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "பா, பா" என்று கோழிகளைக் கூப்பிடுவார். கோழிகள் சாப்பிட்டு முடியும்வரை நின்று பார்ப்பார். ஏன் நிற்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

நடப்பது அதைவிடச் சிக்கல். எங்கள் ஊரில் பெண் ஒருத்தி காரணமில்லாமல் நடக்க முடியாது. எதிரில் வருகிற எவரும் "எங்கை போறியள்?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று பதில் சொன்னால், வீட்டில் ஏதோ சண்டை என்று கதை வரும். அதனால் அம்மா கையில் ஒரு கயிறை எடுத்துக்கொண்டு விடியற்காலை வாய்க்கால் கரைக்கட்டில் நடந்தார். கேட்டவர்களிடம், "கண்டுக்குட்டி ஒண்டைக் காணேல்லை, தேடிப் போறன்" என்றார்.

நல்ல மனிதர்கள் நிறைந்த ஊர். இரண்டு கிழமைக்குள் எங்கள் வாசல் படலையில் யாரோ ஒரு செவலைக் கன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் இன்னொருவர் ஒரு நாம்பன் கன்றைக் கொண்டுவந்தார். "உங்கடைதானே?" என்று அவர் கேட்க, எங்களிடம் மாடே இல்லை என்பதைச் சொல்ல முடியாமல் அப்பா தலையைச் சொறிந்தார். கன்றுகளின் சொந்தக்காரர்கள் தேடி வந்தபோது உண்மை வெளிவந்தது. ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. அதோடு அம்மாவுக்குப் பயம் போய்விட்டது. "எங்கை போறியள்?" என்றால், "மெலியப் போறன்" என்று நேராகச் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அவரோடு வேறு இரண்டு பெண்களும் நடந்தார்கள். அவர்களும் கயிறு கொண்டுவந்தார்கள், பகிடிக்கு.

குதிக்கால் புண் மெல்ல மெல்ல வாய் மூடியது. ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை கொஞ்சம் இறங்கியது. சில மாதம் இறங்காமல் அடம்பிடித்தது. அந்த மாதங்களிலும் அம்மா நடந்தார். ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு நாள் கிளினிக்கில் நிறை பார்க்கிற நேர்ஸ் மிஸ் அம்மாவை இறக்கிவிட்டு, பகிடியாக என்னைத் தூக்கித் தராசில் நிறுத்தினார்.

"இந்தப் பிள்ளையின்ரை நிறையை இறக்கி வைச்சிட்டீங்கள் அம்மா. இவ்வளவு நாளும் இவவையும் தூக்கிக்கொண்டுதான் வயலுக்கும் குசினிக்கும் நடந்திருக்கிறியள்."

எனக்கு அது அவமானமாக இருந்தது. என்னை யாரும் தூக்கவில்லை, நான் நடந்துதான் வந்தேன் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடக் காலபோக நெல் விளைந்தது. பங்குனித் திங்கள் ஒன்றில் நேர்த்தி. கோயில் மண்டபம் நிறைந்த சனம். மற்றக் கட்சிக்காரர் முன்வரிசையில். அம்மா தோய்ந்த ஈரத் தலையோடு தட்டில் ஏறி உட்கார்ந்தார். அப்பா சொன்னபடி மறுதட்டில் ஒரு மூட்டையையும், அதன்மேல் ஒரு சின்னப் பையையும் வைத்தார். நெல்லுத்தட்டு சடாரென்று கீழே போனது. அம்மா கால்கள் தொங்க மேலே போய் நின்றார்.

சனம் சிரித்தது. மாமி சத்தமாகவே, "பாருங்கோ, அம்மாளாச்சி வேண்டாமெண்டு தூக்கிக் காட்டுறா" என்றார்.

ஐயர் அந்தச் சின்னப் பையைக் காட்டினார். "அதை இறக்குங்கோ. சரியா வரும். நேத்தி நிறைவாப் போயிடும்."

அப்பாவின் கை பையில் போய்விட்டது. ஒரு பை நெல் எங்களுக்குச் சின்ன விடயம் இல்லை.

"எடுக்க வேண்டாம்" என்றார் அம்மா, மேலேயிருந்து. பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, இஞ்சை வா."

எனக்கு ஒன்பது வயது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மடியில் இருக்கிற வயதா எனக்கு? "நான் என்ன தராசிலை வைக்கிற படிக்கல்லே?" என்று முணுமுணுத்தேன். அப்பா என்னைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தார். தராசு கிறீச்சிட்டது. அம்மாவும் நானும் மெல்லக் கீழே இறங்கினோம். நெல் மேலே எழும்பியது. இரண்டு தட்டும் ஆடி ஆடி, ஒன்றுக்கொன்று நேராக வந்து நின்றன. ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தது. ஐயர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை நெல்லின்மேல் வைத்து அதையும் சரியாக்கினார். மணி அடித்தது.

இறங்கிய பிறகு பெண்கள் அந்தச் சின்னப் பையைச் சுற்றி நின்று, ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தார்கள். "இவ்வளத்தையும் கொண்டே திரிஞ்சவள்?" என்றார் ஒருவர். மாமியும் தூக்கிப் பார்த்தார். அடுத்த கிழமை விடிய, வாய்க்கால் கட்டில் கயிற்றோடு நாலாவது ஆள் நடந்தது.

எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த நாளில் மாமிதான் நேர்த்தியின் மிச்சக் கதையைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாரும் இல்லை. மாமி என் வாயில் கற்கண்டைப் போட்டுவிட்டு என் மோவாயைப் பிடித்துக்கொண்டார்.

"கொம்மா தனக்கெண்டு நேத்தி வைக்கேல்லையடி. உனக்கு அப்ப மூண்டு வயசு. காய்ச்சல், சாப்பாடில்லை, கண்ணைத் திறக்காமக் கிடந்தாய். தனக்குக் கிடைச்ச கஞ்சியையும் உனக்குத்தான் பருக்கினவள். பிள்ளையின்ரை பாரத்துக்கு நெல்லு நேர் எண்டு நான்தான் சொன்னனான். உன்னைக் கையிலை தூக்கிப் பாத்துப்போட்டுச் சொன்னாள், இவளிலை பாரமே இல்லை மச்சாள், இதைக் குடுத்து எப்பிடி ஒரு பிள்ளையைக் கேக்கிறது எண்டு. அதுதான் தன்ரை பாரத்தை நேந்தவள்."

அம்மா இன்றும் விடியற்காலை நடக்கிறார், இரண்டு காலாலும். கையில் அந்தக் கயிறு இருக்கிறது.

அன்று மண்டபத்தில், குறைந்துபோன பாரத்தை நிரப்பத்தான் என்னை ஏற்றினார்கள் என்று நினைத்தேன். மணி அடித்து முடிந்தது. ஐயர் விபூதி தந்தார். அப்பா நெல்லை இறக்கத் தொடங்க, எங்கள் தட்டு மெல்ல நிலத்தில் தட்டியது. "விடுங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்று நான் நெளிந்தேன். அம்மா என்னைச் சுற்றியிருந்த கையை எடுக்கவில்லை. நிறுத்து முடிந்த பிறகும் ஏன் என்னை இறக்கிவிடாமல் வைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.