அம்மா எடுத்த மிஸ்டு கால்

நேற்று பெரியவள் புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு ஏதோ ஓட்டலுக்குக் கிளம்பினாள். "நெட்வொர்க்கிங் மீட், டாடி. நாலு பேரைத் தெரிஞ்சுக்கணும்" என்றாள். கைப்பை நிறையப் பெயர் அச்சடித்த அட்டைகள். பிள்ளைகளே, குகட்பள்ளியில் நம் பழைய தெருவிலும் ஒரு நெட்வொர்க் ஓடியது. அதை அறுத்தவள் உங்கள் அம்மா.

நீங்கள் பிறக்கவில்லை. நான் பாலாநகரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கொரு செல்போன் வந்துவிட்டது, குழாய் வரவில்லை. லாரித் தண்ணீர்தான். அது எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது. முதலில் பார்க்கிற வீடு அடுத்த வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுக்கும், அது அதற்கடுத்த வீட்டுக்கு. பேசினால்தானே காசு? மணியடித்தால் போனை எடுக்கக் கூடாது, குடத்தைத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்த புதிது. தமிழ் தவிர ஒன்றும் தெரியாது, தெருவிலோ தெலுங்கும் இந்தியும்தான். "பேசாம இருந்து இருந்து வாயே வீணாப்போச்சு. என்னைய ஊர்ல கொண்டு விட்டுருங்க" என்று பெட்டியைக் கட்டியே வைத்திருந்தாள். நானும் தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

அதனால் மணியடித்தால் ஓடிப்போய் எடுத்துவிடுவாள். "அலோ, யாருங்க, நல்லாயிருக்கீகளா?" பக்கத்து வீட்டு ரெஹானா இந்தியில் கத்த, இவள் தமிழில் குசலம் விசாரிக்க, லாரி போயே போய்விடும். அடுத்த வீட்டு சரோஜம்மாவுக்கு மணியே போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் காலிக் குடத்தோடு நம் வாசலில் நின்றார்கள். "கைக்கு உட்டாயே பாபி? உட்டானா நக்கோ" என்று ரெஹானா, ஏன் எடுத்தாய், எடுக்காதே என்று. "நீள்ளு போயாயம்மா", தண்ணீர் போச்சே என்று தெலுங்கில் சொல்லி சரோஜம்மா குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அம்மா அசரவில்லை.

"மனுசங்க கூப்பிடுறாக, எடுக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, இருந்த கடைசித் தண்ணீரில் அவர்களுக்குக் காப்பி போடப் போய்விட்டாள். அதை நான் இந்தியில் சொன்னேன். பட்டறையில் கற்ற இந்தி, மேஸ்திரி திட்டுகிற மாதிரியே வந்தது. ரெஹானா சிரித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து நம் வீட்டுக்கு மட்டும் மணி கிடையாது. ரெஹானா நேரே வந்து கதவைத் தட்டுவார், அம்மா போய் சரோஜம்மா கதவைத் தட்டுவாள். லாரி போன பிறகும் மூவரும் நம் வாசற்படியில் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். காப்பித்தூள் சீக்கிரம் தீர்ந்தது. கட்டிவைத்த பெட்டி ஒருநாள் காலியாகக் கிடந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே.

தட்டிப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? மூவரும் தெரு முழுக்கக் கதவு தட்டி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்கு நடந்தார்கள். பலமுறை நடந்தபின் குழாய் வந்தது. தெருவெல்லாம் இனிப்பு. அம்மா குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள்.

"இனிமே எதுக்கு வருவாக?" என்றாள்.

"வராம எங்க போயிருவாக?" என்றேன்.

கொஞ்ச காலம் வந்தார்கள்.