குத்தகைக் குதிரை

போன ஞாயிற்றுக்கிழமை கல்லடிக் கடற்கரையில் ஒரு குதிரையைப் புதைத்தோம்.

மட்டக்களப்பில் குதிரையா என்று கேட்பீர்கள். சண்டை முடிந்தபிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் கடல் பார்க்க வருகிறார்களே... அவர்களுடைய பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடத்தான் சிவராசா அதைக் கொண்டுவந்தார். நுவரெலியாவில் குதிரைகள் வைத்திருக்கும் பெருமாள் என்பவரிடம் குத்தகைக்கு எடுத்தது.

சிவராசா கதிரவெளி ஆள். மீன்பிடிதான் தொழில். சுனாமியில் மனைவியும் மகனும் போனார்கள். தோணியும் போனது. பிறகு நிவாரணத்தில் புதுத் தோணி, புது வீடு. ஷெல்லடி தொடங்கியபோது இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, மிஞ்சிய மகள் கவிதாவைத் தோளில் சுமந்துகொண்டு நடந்து வந்தவர். இப்போது கல்லடியில் வாடகை வீடு.

"கடன் எடுத்தாவது சொந்தமா ஒரு குதிரை வாங்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம் சேர். சொந்தமெண்டு வெச்சிருந்ததெல்லாம் போயிற்று. இது போனா பெருமாள் அண்ணன்ட குதிரைதானே போகும்? எனக்கென்ன?"

எனக்கென்ன என்ற அதே மனிதர்தான், மாரி மழையில் தன் ஒழுகும் கூரைக்கு வைத்திருந்த தறப்பாளைக் குதிரைக்குக் கட்டினார்!

சனிக்கிழமை பின்னேரம் நானும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். சிவராசா அப்போதுதான் ஒரு சவாரியை முடித்திருந்தார். பக்கத்தில் கவிதா மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கடல் வருகுது!"

யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். செருப்பு, சைக்கிள், ஐஸ்கிரீம் — எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சனம் கல்லடிப் பாலத்தை நோக்கி ஓடியது. நானும் ஓடினேன். கடலைத் திரும்பிப் பார்த்தேனா? இந்த ஊரில் யார் பார்ப்பார்கள்?

சிவராசா மகளைத் தூக்கிக் குதிரையில் ஏற்றினார்.

"கழுத்தை இறுக்கிப் பிடி மகள்! நிக்காத... பாலத்துக்குப் போ!"

கயிற்றை விட்டுவிட்டு ஓங்கி ஓர் அடி அடித்தார். மணலில் மெல்ல நடந்தே பழகிய குதிரை மிரண்டு பறந்தது.

பிரதான வீதியில் ஒரு லொறி வந்தது. சாரதி பிரேக் அடித்தும் நிற்கவில்லை.

கவிதா தெருவோர மணலில் தூக்கியெறியப்பட்டாள். கை முறிந்தது, உயிர் தப்பினாள். குதிரையின் முன்கால்கள் இரண்டும் போய்விட்டன.

கடல் வரவேயில்லை.

மிருக வைத்தியர் வந்து பார்த்தார். "வேதனைப்பட விடக்கூடாது," என்று மட்டும் சொன்னார். அவர் ஊசி போடும்வரை குதிரையின் தலை சிவராசாவின் மடியில் இருந்தது.

செய்தி கேட்டு மறுநாள் பெருமாள், குதிரையைக் கிடத்தியிருந்த கடற்கரைக்கு வந்து இறங்கினார். சிவராசா எழுந்து நின்றார்.

"அண்ணன்... நான்தான் அடிச்சி விட்டனான்."

"புள்ள எங்கே?"

"ஆஸ்பத்திரியில. கைதான் முறிஞ்சிற்று."

"புள்ள இருக்குல்ல? அப்புறம் என்னாங்க, விடுங்க." பெருமாள் குனிந்து குதிரையின் நெற்றியைத் தடவினார். "மம்பட்டிய குடுங்க. எங் குதிரை... நானே குழி வெட்டுறேன்."

சிவராசா மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

"இல்ல அண்ணன். இது என்ட குதிரை. என்ட புள்ளயச் சுமந்தது."

பெருமாள் போய் இன்னொரு மண்வெட்டியை இரவல் வாங்கிவந்தார். சவுக்கு மரங்களுக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து வெட்டினார்கள். நாங்கள் நாலைந்து பேர் கைகொடுத்தோம்.

மனைவிக்கும் மகனுக்கும் சிவராசா குழி வெட்டியதில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. மண்ணைத் தள்ளி முடித்ததும் அந்த மேட்டின்மேல் குப்புற விழுந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால் எதையும் இழக்கத் தேவையில்லை — எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறோம்! பாசம் என்ன, குத்தகை எழுதிய கடதாசியை வாசித்துப் பார்த்துவிட்டா வருகிறது?

"கடல் வருகுது" என்று முதலில் கத்தியது யாரென்று ஊர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. ஆள் அகப்பட்டாலும் அடிக்கக் கை வராது... அவரும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருப்பார்.