நிற்காமல் சுழன்ற ஹெலிகாப்டர்

என் ரிமோட் ஹெலிகாப்டரின் வாலைத் திருப்பும் சர்வோ என்ற சின்ன மோட்டார் பழுதாகிவிட, நானே புதிதாக ஒன்றை மாட்டினேன். ரிமோட்டை அசைத்துப் பார்த்தேன். வால் சரியாகவே திரும்பியது. அந்தத் தைரியத்தில் சிங்கப்பூரின் கிராஞ்சிப் பக்கம் ஒரு திடலுக்குப் போனோம், நானும் என்னைப் போலவே ஹெலிகாப்டர் பறக்கவிடும் என் மனைவி கவிதாவும்.

தரையை விட்டு எழும்பியதுதான் தாமதம், அது பம்பரமாகச் சுழன்றது. எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தும் நிற்கவில்லை. சுழன்றபடியே எங்களை நோக்கி வந்தது.

“ஹோல்ட் போடுங்க!” என்றாள் கவிதா.

“இரு, புடிச்சிடுவேன்.”

இறக்கைச் சத்தம் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. அவளே கையை நீட்டி, என் ரிமோட்டில் மோட்டாரை நிறுத்தும் ஹோல்ட் சுவிட்சைத் தட்டினாள். ஹெலிகாப்டர் எங்கள் காலடியில் விழுந்து உடைந்தது.

“அறிவிருக்கா உனக்கு? நான் காப்பாத்தியிருப்பேன்!” என்று கத்தினேன்.

அவள் மோட்டார் வயரைக் கழற்றினாள். ஹெலிகாப்டரைத் தூக்கி அதன் மூக்கை இடப்பக்கம் திருப்பினாள்.

“இப்ப வால் இறக்கை இத ரைட்டுக்கு இழுக்கிற மாதிரி சாயணும். பாருங்க, இன்னும் லெஃப்டுக்கே தள்ளுற மாதிரி சாயுது லா. ஜைரோவ செக் பண்ணலையா?”

பண்ணவில்லை. ஹெலிகாப்டர் தானாகத் திரும்பினால் நேராக்குவது ஜைரோவின் வேலை. புதிய சர்வோவுக்கு அதன் திசை செட்டிங் தலைகீழாக இருந்ததால், திருத்துவதாக நினைத்துத் தவறைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து, என் காலடியில் கிடந்த இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

ஜைரோவைச் சரிசெய்ய ஒரு பொத்தான் போதுமாக இருந்தது. “சாரி” என்று சொல்ல எனக்கு, கார் எங்கள் வீடிருக்கும் சுவா சூ காங் வந்து சேரும்வரை வாய் வரவில்லை.